ஏலாக்குறிச்சியின் முதல் எழுத்து

(சுற்றுலாவுக்கு முன்பு நமது குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாதவர்கள் கேட்டதால் இங்கே எழுத்தில் தருகிறோம்.)

தண்ணீர் லாரி வரும் நேரத்தில் கூட்டத்தை வைத்துவிட்டோம். ஆனாலும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், நன்றி.

அடுத்த மாதம் நாம் போகும் ஒருநாள் சுற்றுலாவில் முதல் இடம் ஏலாக்குறிச்சி. அறிவிப்பு ஒட்டிய அன்றே இரண்டு கேள்விகள் வந்தன. மதியச் சாப்பாடு எங்கே என்பது ஒன்று. அதற்குச் செயலாளர் பதில் சொல்லிவிட்டார். இரண்டாவது கேள்வி கொஞ்சம் கனமானது. சங்கத்தின் பொதுப்பணத்தில் ஒரு மதத்தாரின் கோயிலுக்கு நாம் எல்லோரும் ஏன் போகவேண்டும் என்று இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். கோபமாகக் கேட்கவில்லை, முறையாகத்தான் கேட்டார்கள். சந்தா கொடுப்பவர் கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் என்னை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

நான் தமிழறிஞன் இல்லை. கட்டட வேலையில் முப்பது வருடம் இருந்தவன். அதனால் கட்டடத்தில் இருந்தே தொடங்குகிறேன். அதுவும் ஏலாக்குறிச்சியில் இல்லை, இத்தாலியில். பொறுத்துக்கொள்ளுங்கள், கொள்ளிடக் கரைக்குத் திரும்பி வந்துவிடுவேன்.

ஏலாக்குறிச்சிக் கோயிலை எழுப்பிய வீரமாமுனிவரின் இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680 நவம்பர் 8ஆம் தேதி வட இத்தாலியில் காஸ்திலியோனே என்ற சிற்றூரில் பிறந்தார். பக்கத்துப் பெரிய நகரம் மாந்துவா. இயேசு சபையார் அங்கே நடத்திய பள்ளியில்தான் படித்தார். நமக்குக் கும்பகோணம் எப்படியோ, அந்தப் பக்கத்தாருக்கு மாந்துவா அப்படி. சிறிய நகரம்தான். ஆனால் தெருவுக்குத் தெரு பழைய கோயில், பழைய அரண்மனை.

மகன் மிலான் நகரில் வேலை பார்த்தபோது எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனான். மிலானில் இருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். நகரைச் சுற்றி மூன்று பக்கமும் ஏரி. மின்ச்சோ என்ற ஆறு நகரத்தை ஒட்டி அகலமாகத் தேங்கி நிற்கிறது. பாலத்தின் மேலிருந்து பார்த்தால் கோபுரங்களும் குவிமாடங்களும் தண்ணீரில் மிதப்பதுபோல் இருக்கும். ஏரியில் ஒரு பக்கம் முழுக்கத் தாமரை! என் மனைவி நம்ம ஊர்க் குளம் மாதிரியே இருக்கிறது என்று சொல்லிச் சந்தோஷப்பட்டாள். அந்தத் தாமரை 1921இல் ஆசியாவில் இருந்து கொண்டுபோய் நட்டது என்று அங்கே சொன்னார்கள். பெஸ்கி சிறுவனாக அந்த ஏரிக்கரையில் நடந்தபோது அங்கே தாமரை கிடையாது. அவர் தாமரையைத் தேடி வந்த மாதிரி இங்கே வந்து, தாமரை பூத்த வயல்நாட்டைப் பற்றிப் பாடினார். இருநூறு வருடம் கழித்துத் தாமரை அவருடைய ஊருக்குப் போயிருக்கிறது.

அந்த ஊரில் நீங்கள் பார்க்கவேண்டிய முதல் கட்டடம் சான்ட் ஆந்திரேயா தேவாலயம். வடிவமைத்தவர் லியோன் பத்திஸ்தா அல்பெர்த்தி. கட்டடக்கலை பற்றிப் புத்தகம் எழுதியவர். எங்கள் தொழிலுக்கு அவர் ஒரு பாட்டனார். 1472இல் வேலை தொடங்கியது. அதே வருடம் அவர் இறந்துபோனார். சுவர் எழும்புவதைக்கூட அவர் பார்க்கவில்லை. முகப்பு, பழைய ரோமானியர்கள் போரில் ஜெயித்து வந்தால் கட்டுவார்களே, அந்த வெற்றி வளைவின் சாயலில் இருக்கிறது. உள்ளே போனால் ஒரே நீண்ட கூடம், மேலே பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி வளைவுக் கூரை. நடுவில் தூண் ஒன்றுகூட இல்லை. நம் பார்க்கிங்கில் இரண்டு காருக்கு நடுவில் ஒரு தூண் வந்துவிட்டது என்று இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் அவ்வளவு அகலத்தை வெறும் செங்கல்லால் மூடியிருக்கிறார்கள்.

செங்கல் என்று சொன்னதைக் கவனியுங்கள். மாந்துவா நம் டெல்டா மாதிரி வண்டல் சமவெளியில் இருக்கிற ஊர். கல் கிடைப்பது அரிது, களிமண் ஏராளம். அதனால் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். நகர எல்லையில் பலாத்சோ தே என்ற அரண்மனை இருக்கிறது. 1525 முதல் பத்து வருடம் ஜூலியோ ரொமானோ என்பவர் கட்டியது. தூண்கள் பெரிய பாறையில் வெட்டி எடுத்த மாதிரி சொரசொரப்பாகத் தெரியும். தட்டிப் பார்த்தால் காரைப்பூச்சு. பூச்சு வேலையிலேயே கல்லை வரவழைத்துவிட்டார்கள். அங்கேயே ஒரு அறையில், சுவரும் கூரையும் இடிந்து ராட்சதர்கள் மேல் விழுவதுபோல நான்கு சுவரிலும் இடைவெளி இல்லாமல் ஓவியம். கொஞ்ச நேரம் நின்றால் தலை சுற்றும். வெளியே வந்ததும் கூரை கெட்டியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வீர்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் மாந்துவாவின் உச்சம் பழைய அரண்மனையில் ஆந்திரேயா மாந்தேன்யா வரைந்த சின்ன அறைதான். 1474இல் முடித்தார். சுவர்களில் அந்த ஊரை ஆண்ட கொன்சாகா குடும்பத்தார், அவர்களுடைய நாய், குதிரை எல்லாம். அண்ணாந்து பார்த்தால் கூரையின் நடுவில் வட்டமாக ஒரு திறப்பு, நீல வானம், சுற்றிக் கைப்பிடிச் சுவர். அதன் மேல் சாய்ந்துகொண்டு பெண்கள் நம்மைக் குனிந்து பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒரு பூத்தொட்டி விளிம்பில் ஒரு குச்சியின் மேல் நிற்கிறது, நம் தலைமேல் விழுந்துவிடும்போல. திறப்பும் இல்லை, வானமும் இல்லை, எல்லாம் பூச்சின் மேல் தீட்டிய வண்ணம். நம் மூன்றாவது மாடிப் பால்கனித் தொட்டிகளை நினைத்துக்கொண்டேன்.

மாந்துவாவின் செல்வம் அப்படியே நிலைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கொன்சாகாக்கள் கடன்பட்டுத் தங்கள் ஓவியங்களை இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸுக்கு விற்றார்கள். 1630இல் ஜெர்மானியப் பேரரசரின் படை நகரத்தைச் சூறையாடியது. கூடவே கொள்ளைநோய். பெஸ்கி பிறந்தபோது அந்த நகரம் பெரிய வீட்டில் நகை விற்றுப் பிழைக்கிற குடும்பம் மாதிரி இருந்தது. 1708இல் கடைசி கொன்சாகா கோமகனும் பதவி இழந்து இறந்தார். நகரம் ஆஸ்திரியப் பேரரசின் கைக்குப் போனது. இரண்டே வருடத்தில், 1710இல், நம் ஆள் கோவா துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்குகிறார்.

இடையில் அவர் ரவென்னாவிலும் போலோன்யாவிலும் பயிற்சி பெற்றார். ரவென்னாவைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே 547இல் அர்ப்பணித்த சான் விட்டாலே கோயிலும் அதைவிடப் பழைய ஒரு கல்லறைக் கூடமும் இருக்கின்றன. வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்துச் செய்த படங்கள் அந்தச் சுவர்களில். ஒரு துண்டு சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. கல்லறைக் கூடத்தின் கூரை முழுதும் அடர்நீல வானம், தங்க நட்சத்திரங்கள். இத்தாலியின் பெருங்கவி தாந்தே 1321இல் இறந்ததும் அதே ஊரில்தான். அவர் கல்லறையும் அங்கேயே இருக்கிறது.

ஆக, கண்ணுக்கும் காதுக்கும் இத்தனை கொழுப்பான ஊர்களில் வளர்ந்த ஒருவர், முப்பது வயதில், 1711இல் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்கிறார். பளிங்கு கொண்டுவரவில்லை. ஓவியரைக் கூட்டிவரவில்லை. கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்பினார். காவி உடுத்தினார், புலால் விட்டார். தமிழை, சுப்பிரதீபக் கவிராயர் என்ற புலவரிடம் கற்றார் என்று சொல்வார்கள். முதலில் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டவர் பிறகு வீரமாமுனிவர் ஆனார்.

அவர் மதம் பரப்ப வந்தவர்தான். அதை மறைத்துப் பேசினால் கேள்வி கேட்டவர்களை ஏமாற்றுவதாகும். தன் மதத்தை நிலைநாட்ட எழுதினார், தரங்கம்பாடியில் இருந்த லுத்தரன் சபையாரோடு காரசாரமாக வாதம் செய்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொடுந்தமிழ், அதாவது பேச்சுத்தமிழ், இலக்கணத்தை அவர் லத்தீனில் எழுதினாரே, அதை 1738இல் அச்சிட்டது அதே தரங்கம்பாடி லுத்தரன் அச்சகம்தான். எதிராளியின் புத்தகம், ஆனால் அதைவிட நல்ல இலக்கணம் கையில் இல்லை. அச்சிட்டார்கள்.

இப்போது ஏலாக்குறிச்சிக்கு வருகிறேன். நம் ஊர் தஞ்சாவூரில் இருந்து திருவையாறு தாண்டி, கொள்ளிடப் பாலத்தில் ஏறி இறங்கினால் திருமானூர். அங்கிருந்து கொஞ்சதூரம்தான். வளாகம் இப்போது பெரிதாகிவிட்டது. குளத்தின் நடுவே உயரமான மாதா சிலை நிற்கிறது. பஸ்ஸில் இருந்து இறங்கியதும் எல்லோரும் செல்போனை அந்தப் பக்கம்தான் திருப்புவீர்கள். திருப்புங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நிமிடம் ஊர்ப் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று, பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

முதல் எழுத்து ஏ.

இந்த ஏ அவர் வருவதற்கு முன்னால் இப்படி இல்லை. அந்தக் காலத்தில் எ என்ற ஒரே வடிவம்தான் குறிலுக்கும் நெடிலுக்கும். குறிலாக இருந்தால் மேலே ஒரு புள்ளி வைக்கவேண்டும் என்பது தொல்காப்பியக் காலத்து விதி. ஒ, ஓ கதையும் அதேதான். ஆனால் எழுதியது பனையோலையில். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும், அதனால் ஓலை எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

உயிர்மெய்க்கும் அதே சிக்கல். ஒரே கொம்பு. இந்தச் சொற்களைப் பாருங்கள்: எரி, ஏரி. கெடு, கேடு. தென், தேன். பெய், பேய். கொடு, கோடு. கொடி, கோடி. ஒவ்வொரு ஜோடியும் ஓலையில் ஒரே மாதிரிதான் இருக்கும். ஏரி வெட்டச் சொன்னானா எரிக்கச் சொன்னானா என்பது படிப்பவர் சாமர்த்தியம். நம் சங்கக் கணக்கை அப்படி எழுதினால் என்ன ஆகும் என்று பொருளாளரைக் கேளுங்கள். "மேல்மாடியில் ஒரு கோடு" என்பதை "மெல்மாடியில் ஒரு கொடு" என்று படிக்கவேண்டி வரும்.

வீரமாமுனிவர் இதைச் சரிசெய்தார். நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தார். எ, ஏ ஆனது. ஒ, ஓ ஆனது. ஒற்றைச்சுழிக் கொம்பு குறிலுக்கு, இரட்டைச்சுழிக் கொம்பு நெடிலுக்கு. ஒரு சுழியைக் கூட்டிச் சுற்றியதுதான் வேலை, ஒரு வினாடி. புலவர்கள் காப்பியத்தில் தேடி அலைந்த பொருள் மயக்கம் பெரும்பகுதி அந்த ஒரு சுழியில் போய்விட்டது. எங்கள் தொழிலில் இதைத்தான் நல்ல வடிவமைப்பு என்போம். இருக்கிற சுவரை இடிக்காமல், ஒரு கதவு வைத்து, வீட்டையே வசதியாக்குவது.

இனி நீங்கள் யாராக இருந்தாலும், எந்தக் கோயிலுக்குப் போகிறவராக இருந்தாலும், எங்கும் போகாதவராக இருந்தாலும், தேவாரத்தை அச்சில் படிக்கும்போது அந்தத் தலைப்பில் இருக்கிற தே அவர் சுழித்த கொம்போடுதான் நிற்கிறது. "வேண்டும்" என்று எழுதினாலும் "வேண்டாம்" என்று எழுதினாலும் அவர் கொம்பு இல்லாமல் எழுதமுடியாது. வாட்ஸ்அப் குழுவில் இந்தச் சுற்றுலா வேண்டாம் என்று எழுதியவர்களும் சேர்த்துத்தான்!

இந்த விளக்கங்களை அவர் எழுதிவைத்த இலக்கண நூல் தொன்னூல் விளக்கம், 1730. அதற்கு முன்பே 1726இல் தேம்பாவணி. சூசையப்பரைத் தலைவராக வைத்து 3615 பாடல், 36 படலம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கேளுங்கள், பாடநூலில் அதில் ஒரு பகுதி இருக்கிறது. யோசேப்புக்கு வளன் என்றும் யோவானுக்குக் கருணையன் என்றும் பெயர் வைத்திருப்பார். யூதேயா நாடு வறண்ட மலைநாடு. இவர் அதைப் பாடும்போது நெல்லும் கரும்பும் வாழையும் தண்ணீரும் பொங்குகின்றன. கம்பன் கோசலத்துக்குக் காவிரியை ஓடவிட்டது போல, இவர் பெத்லகேமுக்கு நம் வயலைக் கொண்டுபோய்விட்டார். மாந்துவாப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கி.மு. 70இல் பிறந்தவர்தான் லத்தீன் மகாகவி வர்ஜில். இயேசு சபைப் பள்ளிகளில் அவரைப் படிக்காமல் மேல்வகுப்புக்குப் போகமுடியாது. காப்பியம் என்றால் ஒரு நாட்டின் மண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பது அந்தப் பிள்ளைக்குச் சிறுவயதிலேயே பழக்கம். வந்த ஊரில் மண் மாறியது, பழக்கம் மாறவில்லை என்பது என் ஊகம்.

ஏலாக்குறிச்சிக்கென்றே அவர் பாடியது திருக்காவலூர்க் கலம்பகம். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரே வைத்துவிட்டார். கலம்பகம் என்றால் பலவகைப் பூக்களைக் கலந்து கட்டிய மாலை மாதிரி, பல பாவினமும் பல துறையும் கலந்த நூல். ரங்கநாதருக்குத் திருவரங்கக் கலம்பகம் உண்டு, பல்லவ மன்னனுக்கு நந்திக் கலம்பகம் உண்டு. அரசனுக்கும் பெருங்கோயிலுக்கும் சாத்துகிற மாலையை இவர் ஒரு சிற்றூர் மாதாவுக்குச் சாத்தினார்.

ஒரு வருடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 1732. மாந்துவாவின் சான்ட் ஆந்திரேயா கோயில் தொடங்கி இருநூற்றறுபது வருடம் ஆகியும் குவிமாடம் இல்லாமல் நின்றது. பெஸ்கி மாணவனாக உள்ளே போனபோது மேலே குவிமாடம் கிடையாது. பிலிப்போ யுவாரா என்ற கட்டடக் கலைஞர் வரைந்துகொடுக்க, 1732இல் குவிமாட வேலை தொடங்கியது. அதே 1732இல் இங்கே வீரமாமுனிவர் சதுரகராதியை முடித்தார். அதற்கு முன் தமிழில் சொற்பொருள் தேடவேண்டுமானால் நிகண்டு. அது செய்யுள். மனப்பாடம் செய்தவருக்கே பயன்படும். இவர் சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதி, அதனால் சதுர் அகராதி. யார் வேண்டுமானாலும் எழுத்தைப் பிடித்துக்கொண்டு போய்ச் சொல்லைத் தொடலாம். அங்கே அவருடைய ஊர்க்காரர்கள் தலைக்கு மேல் செங்கல்லை வட்டம் வட்டமாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இங்கே அவர் சொல்லை வரிசை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அகராதி வேலைதான் கஷ்டம். குவிமாடத்துக்குச் சாரம் கட்டலாம்.

கேள்விக்கு இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. மதம் என்ற பகுதிக்கு வருகிறேன்.

ஏலாக்குறிச்சியில் சொல்லும் கதை இது. அரியலூரை ஆண்ட அரங்கப்ப மழவராயருக்கு ராஜபிளவை வந்தது. வைத்தியர்கள் கைவிட்டார்கள். மழவராயர் கிறிஸ்தவர் அல்லர். வீரமாமுனிவரிடம் வந்தார். முனிவர் அந்த ஊர் மண்ணையும் பச்சிலையையும் வைத்துக் கட்டினார், குணமானது. நன்றியாக மன்னர் கோயிலுக்கு நிலம் கொடுத்தார். நிலக்கொடையைச் சொல்லும் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. குணமானது மருந்தாலா அருளாலா என்பதை உங்கள் நம்பிக்கைக்கு விட்டுவிடுகிறேன். நான் பார்ப்பது, யார் யாரிடம் போனார், யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைத்தான். அந்த மாதாவின் பெயர் அடைக்கலம். தமிழில் அடைக்கலம் கேட்டு வந்தவரிடம் என்ன சாதி, என்ன சமயம் என்று விசாரிக்கிற வழக்கம் கிடையாது. அந்தச் சொல்லை அவர் யோசித்துத்தான் எடுத்திருக்கிறார்.

இதற்கு ஒரு ஜோடிக்கதை அவர் பிறந்த ஊரில் உண்டு, அவர் காலத்துக்குப் பிறகு. காஸ்திலியோனேக்குப் பக்கத்தில் சொல்பெரினோ என்ற இடத்தில் 1859 ஜூன் 24இல் பெரும் போர். பிரான்சும் சார்தீனியாவும் ஒரு பக்கம், ஆஸ்திரியா மறுபக்கம். காயம்பட்ட ஆயிரக்கணக்கான வீரர்களை மாட்டுவண்டியிலும் கழுதையிலும் ஏற்றிக் காஸ்திலியோனேக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது? ஊரின் கோயில்கள்தான். பெரிய கோயிலின் தரையில் வரிசையாகப் படுக்கவைத்தார்கள். ஊர்ப் பெண்கள் தண்ணீரும் துணியும் கொண்டுவந்தார்கள். எதிரிப் படைக்காரனுக்கும் அதே தண்ணீர், அதே கட்டு. எல்லோரும் சகோதரர்கள்தானே என்றார்களாம். வியாபார விஷயமாக அந்தப் பக்கம் வந்த ஹென்றி டுனான்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் அதைப் பார்த்தார், கூடச் சேர்ந்து வேலை செய்தார், ஊருக்குப் போய் 1862இல் புத்தகம் எழுதினார். அதில் இருந்து பிறந்ததுதான் செஞ்சிலுவைச் சங்கம், 1863இல். 1901இல் அமைதிக்கான முதல் நோபல் பரிசில் பாதி அவருக்கு. அந்தச் சின்ன ஊரில் இன்றைக்குச் செஞ்சிலுவை அருங்காட்சியகம் இருக்கிறது. நம் கீழ்த்தளத்தில் ரத்ததான முகாம் நடக்கும்போது சுவரில் ஒட்டுகிற சிவப்புச் சிலுவைக்கு அங்கே ஒரு கோயில்தரை ஆரம்பம்.

ஒரு பழைய கோயில் அந்த மதத்துக்காரர்களுக்கு மட்டும்தான் சொந்தமா என்ற கேள்விக்கு, அந்தத் தரையில் படுத்திருந்தவர்களிடம் இருந்தே பதிலை எடுத்துக்கொள்கிறேன். வழிபடுவது வழிபடுகிறவர் உரிமை. வரலாறு அப்படியில்லை. நாம் கங்கைகொண்ட சோழபுரம் போனபோது நம் எல்லா வீட்டுக்காரர்களும்தான் வந்தார்கள், ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. திரும்பும் வழியில் திருமழபாடி வைத்தியநாதசுவாமி கோயிலும் இருக்கிறது, அதே கொள்ளிடக் கரையில். அதையும் பயணத்தில் சேர்த்திருக்கிறோம். உள்ளே வழிபட விரும்பாதவர்கள் வெளியே மரத்தடியில் உட்காரலாம். யாரையும் யாரும் எதற்கும் இழுக்கப்போவதில்லை.

கட்டடக்காரனாக ஒரு வேண்டுகோள். அங்கே போனால் எது பழைய சுவர், எது புதுச்சுவர் என்று பார்க்கப் பழகுங்கள். ஏலாக்குறிச்சிக்கு மட்டும் சொல்லவில்லை, எந்தப் பழைய கோயிலுக்கும், உங்கள் சொந்த ஊர்ப் பாட்டன் வீட்டுக்கும் இதுதான். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். சுண்ணாம்பை அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டுப் பூசியது. அந்தச் சுவர் மூச்சுவிடும். மழைக்காலத்தில் ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன் மேல் பலமாக இருக்கட்டும் என்று சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். உப்புப் பூக்கும், பூச்சு உப்பும், உள்ளே செங்கல் மாவாகும். நம் பி பிளாக் படிக்கட்டுச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதே, அங்கேயே கண்கூடாகப் பார்க்கலாம். நாம் அதன் மேல் மூன்று தடவை பெயின்ட் அடித்தோம். மூன்று தடவையும் உரிந்தது.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் பூமி. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் கடலாக இருந்த இடம், இன்றும் கிளிஞ்சலும் நத்தையும் கல்லாகிக் கிடக்கும். அந்தக் கல்தான் சிமென்ட் ஆலைக்குப் போகிறது. அதனால் சிமென்ட் கைக்கெட்டும் தூரத்தில். சுண்ணாம்புக் கொத்தனார்தான் இப்போது கிடைப்பதில்லை. உபயதாரர் புதிதாகத் தெரியவேண்டும் என்று நினைக்கிறார். பழைய சுவருக்கு எனாமல் பெயின்ட், பழைய தரைக்கு வழுக்குகிற டைல்ஸ். கோயில், மசூதி, தேவாலயம் என்று இதில் மட்டும் பேதமே இல்லை, எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் கெடுக்கிறோம்.

2012 மே மாதம் மாந்துவாப் பக்கத்தில் பூகம்பம் வந்தது. அரண்மனைக் கோயிலின் மணிக்கூண்டு உச்சி இடிந்து விழுந்தது. மாந்தேன்யாவின் அறையைச் சில வருடங்கள் மூடிவைத்துச் சீர் செய்தார்கள். பணக்கார நாடு, செய்யமுடியும் என்பீர்கள். பணம் வேண்டும்தான். அதைவிட, இதைத் தொடலாம், இதைத் தொடக்கூடாது என்று தெரிந்த ஒருவர் பொறுப்பில் இருக்கவேண்டும். மீதியை ஊர்க்காரர்கள் கேள்வி கேட்டே காப்பாற்றிவிடுவார்கள். நம் சங்கத்தில் கேள்வி கேட்பவர்களுக்குப் பஞ்சமில்லை.

வீரமாமுனிவர் கடைசியில் ஏலாக்குறிச்சியில் இறக்கவில்லை. 1747 பிப்ரவரி 4ஆம் தேதி கேரளத்தின் அம்பழக்காட்டில் இறந்தார். மாந்துவாவுக்குத் திரும்பிப் போகவே இல்லை. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னை மெரினாவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். கடற்கரைக்குப் போனால் பார்த்திருப்பீர்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். பஸ் காலை ஆறரைக்கு வாசலில் நிற்கும். கோயிலுக்குள் செருப்பைக் கழற்றிவிடுங்கள். பூசை நடந்துகொண்டிருந்தால் பின்வரிசையில் நின்று பாருங்கள், படம் எடுக்காதீர்கள். கல்வெட்டைக் கையால் தடவாதீர்கள், சுண்ணாம்போ மாவோ தேய்த்துப் படிக்கவும் வேண்டாம். பக்கவாட்டில் இருந்து செல்போன் விளக்கைச் சாய்த்து அடித்தால் எழுத்து தானாக எழுந்து தெரியும். சுவரில் பெயர் கிறுக்கும் பிள்ளைகள் யாருடையவர்களாக இருந்தாலும் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை அவர்களுக்குத்தான்.

பிள்ளைகளுக்கு ஒரு தாள் கொடுப்போம். அதில் பத்து வாக்கியங்கள் இருக்கும், எல்லா ஏகாரத்தையும் ஓகாரத்தையும் பழைய ஓலை முறையில், குறில் நெடில் வேறுபாடு இல்லாமல் எழுதியிருப்போம். பஸ் திருமானூர் போய்ச் சேர்வதற்குள் சரியாகப் படித்துச் சொல்லவேண்டும். பெரியவர்களும் முயற்சி செய்யலாம். பெயர் கொடுக்காதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் காவலாளி அறையில் இருக்கும் நோட்டில் எழுதிவிடுங்கள். பிளாட் எண்ணை மறக்காமல் போடுங்கள்.